குருவில் வருகிற கு

முனிலட்சுமி வைத்த டீயைச் செல்வம் தொடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற மனுஷன் முதலில் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுத்தான் சட்டைப் பட்டனில் கை வைப்பார். இன்றைக்கு ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் வந்து நின்றார். டீ ஆறி ஆடை கட்டியது.

"என்னங்க... உடம்புக்கு முடியலையா?"

செல்வம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிக்குப் போனியா?"

முனிலட்சுமி ஓரடி பின்னால் நகர்ந்தாள். எப்படித் தெரிந்தது? பஸ்ஸில் யாராவது பார்த்துச் சொல்லிவிட்டார்களா?

அவள் பிறந்தது ஓசூரை அடுத்த பேரிகையில், தெலுங்கு பேசுகிற வீட்டில். அங்கே கோயிலுக்குக் குடி என்றுதான் பேர். செல்வம் பரமக்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அவள் வார்த்தையாலேயே அவளைக் கேட்கிறார் என்றால் விஷயம் முழுக்கத் தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. பேரிகையில் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் செல்வத்தைப் பந்தியில் கூப்பிட்டு உட்கார வைக்க ஆளில்லாமல் போய்விட்டது. அன்றைக்குச் சாப்பிடாமலே திரும்பி வந்தவர், "இனி அந்த ஊர் மண்ணை மிதிச்சா என் வாசலை மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் பல வருஷம் மிதிக்கவில்லை. ஆனால் போன மழைக்காலத்தில், பெங்களூரில் இருந்த மகன் ஹரீஷ்குமார் டெங்குக் காய்ச்சலில் விழுந்தபோது தாங்க முடியாமல் ஊர் அம்மன் மாரெம்மாவிடம் ஓடினாள்.

"போனேங்க..." என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஒரு தடவையா?"

"மூணு நாலு தடவ இருக்கும்ங்க. பையன் காய்ச்சல்ல கெடந்தப்ப மனசு கேக்கல. அங்க போயி உக்காந்தாத்தான் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

"நிம்மதி!" செல்வத்தின் குரல் உடைந்தது. "எங்க போன?"

"பேரிகைக்குத்தான்."

"யாரு கூட?"

"அண்ணன் கூட்டிட்டுப் போனாரு. எல்லாம் அவருதான் வாங்கிக் குடுத்தாரு. உங்ககிட்ட மறச்சது தப்புங்க... மன்னிச்சிடுங்க."

"அண்ணனே வாங்கிக் குடுத்தானா! த்தூ... பொம்பளைகள்லாம் வருவாளுகளோ அங்கிட்டு?"

"பொம்பளைங்கதாங்க நெறைய. வெள்ளிக்கிழமைன்னா கூட்டம் தாங்காது."

செல்வம் நெற்றியில் அடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். அடுக்களை வாசலில் அவருடைய அக்கா ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். விடிந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளு. ஊரே கேட்டுச் சிரிக்குது, நீயும் கேளு!" செல்வம் தன் போனை நீட்டினார்.

முனிலட்சுமியின் காதில் முனிலட்சுமியின் குரல் விழுந்தது.

'நாயனா... சாப்பிட்டியா? நேத்து சாயங்காலம் குடிக்குப் போயிட்டு வந்தேன். ரொம்ப நேரம் அங்கயே உக்காந்துட்டேன். எழுந்து வரவே மனசு இல்ல. அப்பாகிட்ட சொல்லிடாத, என்னா?'

மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுக்குப் போனில் பேசி அனுப்பியது! அது எப்படி இங்கே வந்தது? அவள் சொன்னதெல்லாம் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓடியது. குரல் முடிந்ததும் தொம் தொம் என்று மேளம் போல ஒரு சத்தம். அதன் மேல் எவனோ ஒரு பாட்டில் படத்தை ஒட்டி, சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தான். கீழே வரிசையாக, ராப் பாடுகிற மகனின் பாட்டுப் பேரைச் சேர்த்து, 'ஜூஜு அம்மா சரக்கு அம்மா', 'அம்மாவுக்கு ஒரு சியர்ஸ்' என்று எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் வாயில் வந்தது குருவில் வருகிற கு. கேட்டவர்கள் காதில் விழுந்தது குரங்கில் வருகிற கு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அந்த மஞ்சள் எழுத்தை அடித்தவனையும் குற்றம் சொல்ல வழியில்லை. கட்டின புருஷனிடம் சாமி கும்பிட்டதை ஒப்புக்கொள்வதாக நினைத்து, சாராயம் குடித்ததாக அல்லவா ஒப்புக்கொண்டிருக்கிறாள்!

"அய்யய்யோ... அது கோயிலுங்க! எங்க பேச்சுல கோயிலைத்தான் அப்படிச் சொல்றது. மாரெம்மா கோயிலுக்குங்க..."

"இப்பத்தான போனேன், அண்ணன் வாங்கிக் குடுத்தான்னு சொன்ன? அதுக்குள்ள கதைய மாத்துறியா?"

"பூவும் தேங்காயும் வாங்கிக் குடுத்தாருன்னு சொன்னங்க!"

"ஏன், அதை அப்பவே சொல்லக் கூடாதா? லைன்ல நிக்கிற சின்னப் பயலுக, 'அண்ணே, வீட்டுல அண்ணிக்குச் சைடிஷ் என்ன'ன்னு கேக்குறானுகடி! கம்பெனி பிரஸ் ஷாப்புல இத்தனை வருஷம் தலை நிமிந்து நின்னவன் நான்..." செல்வம் சட்டென்று திரும்பினார். "அக்கா, நீ சொல்லு. இவ வந்த நாள்லருந்து இவகூட இருந்தவ நீதான். இவ பாஷையில குடின்னா கோயிலா?"

முனிலட்சுமி நாத்தனாரைப் பார்த்தாள். கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

ராசாத்தி தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"எனக்கென்னப்பா தெரியும்... அவ பாஷைய நான் கண்டேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொய்! அப்பட்டமான பொய்!

புதுப்பெண்ணாக, கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த ஜூஜுவாடி வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, "அண்ணி, குடிக்குப் போலாமா?" என்று முனிலட்சுமி கேட்டது ராசாத்தியிடம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ராசாத்தி அதை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். செல்வம் டபுள் ஷிப்ட் பார்த்த காலம் அது, அந்தச் சிரிப்பு அவர் காதுவரை போகவில்லை. அன்றைக்கே ராசாத்தி சட்டம் போட்டாள்: "இந்த வீட்டுக்குள்ள உன் கலப்படப் பேச்சு வேணாம்த்தா. நாளைக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் ஒட்டிக்கிரும்."

முனிலட்சுமி அன்றோடு தன் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஹரீஷைக் குளிப்பாட்டும்போது மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, "நாயனா... நாயனா..." என்று தன் பாஷையில் குழந்தையின் காதோடு கொஞ்சுவாள். அவள் ரோஜா ஷெட்டில் பூ தரம் பிரிக்கப் போய்விட்டால், குழந்தையைப் பார்த்துக்கொண்டது ராசாத்திதான். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்தவள் உயிரைக் கொடுத்து வளர்த்தாள், அதை முனிலட்சுமி ஒருநாளும் மறுத்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, "டீச்சர், மா பையன் ஒள்ளே படிக்கிறானுங்களா?" என்று தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் கலந்து, பையன் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டுவிட்டாள். பையன்கள் ஹரீஷுக்குக் கலப்படம் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த முறையும் அத்தைதான். முனிலட்சுமி அத்தைக்குப் புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தாள். மனசு வலிக்காமலா இருக்கும்? வலித்தது. பிள்ளைக்கு அவமானம் வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டாள்.

வளர்ந்து அவன் 'ஜூஜு' என்று ஊர்ப் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டு ராப் பாட ஆரம்பித்தான். பெங்களூரில் மாடி அறை ஒன்றில் சின்னதாகப் பாட்டுக் கம்பெனி நடத்துகிற ராஜ்குமார் அவனுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 'செக்போஸ்ட்' என்று பேர். அதில் ஒரு பாட்டு அம்மா பேசுவதோடு ஆரம்பிக்க வேண்டும். "அத்தை பேசட்டும்மா... அத்தை தமிழ் கிளியரா இருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "பேசட்டும் சாமி, எனக்கு என்ன வருது" என்றாள் அவள். பாட்டு ஓசூர் முழுக்க ஓடியது. காய்கறிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் ராசாத்தியை நிறுத்தி, "நீங்கதானே ஜூஜு அம்மா?" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராசாத்தி இல்லை என்று சொன்னதே இல்லை. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற முனிலட்சுமியும் சொன்னதில்லை.

இப்போது இரண்டாவது ஆல்பம். நேற்று வெளிவந்துவிட்டது. 'கலப்படம்' என்று பேர் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதில் தன் குரல் இருக்கிறது என்று இன்று காலைவரை தெரியாது.

மகனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

அம்மா பேச்சு அவமானம் என்று ஒளித்து வைத்த பிள்ளை, இப்போது எதற்கு அதை எடுத்துத் தெருவில் போட்டான்? ஊர் சிரிக்கட்டும் என்றா? நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

வேலைக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டில் நிற்க முடியவில்லை. முக்கில் இருக்கிற டீக்கடையில் அத்திப்பள்ளி பஸ்ஸுக்கு நின்ற பையன்கள் அவளைப் பார்த்ததும் ஒருவனை ஒருவன் இடித்தார்கள். ஒருவன் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி, "ஜூஜு அம்மா... சியர்ஸ்!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். இத்தனை நாளில் அவளை ஜூஜு அம்மா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட முதல் நாள் இப்படிக் கூப்பிடுகிறார்கள்!

கூடவே வேலை செய்கிற மாதேஸ்வரி எதிரில் வந்தவள், வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொள்கிறவள், "ஒரு வேலை இருக்குதுக்கா" என்று அந்தப் பக்கம் நடந்துவிட்டாள். முனிலட்சுமி வேலைக்குப் போகவில்லை. தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். வாயை ஏன் மூடினாள்? நாற்றம் அடிக்கிறதா என்று யாராவது முகர்ந்து பார்த்துவிடுவார்களோ என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. குடிக்காதவளுக்கு அப்படித் தோன்றியதே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

வீட்டுக்கு வந்து இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். செல்வம் அதே நாற்காலியில், அதே ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"பேரிகைக்குங்க. நான் குடிக்கல. மாரெம்மா மேல சத்தியமாக் குடிக்கல. ஆனா அந்த ஊர் மண்ண மிதிச்சது நெசம். உங்க பேச்ச மீறினது நெசம். மிதிச்சா வாசல்ல கால் வெக்காதன்னு சொன்னீங்க. அதான்... போறன்."

செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது.

ஹரீஷ்குமார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான். பின்னாலேயே தாடி வைத்த ஒரு ஆள், செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். அவர்தான் ராஜ்குமார். ஹரீஷ் அம்மா கையிலிருந்த பையைப் பார்த்தான்.

"அம்மா... வண்டி ஓட்டிட்டு வந்தேம்மா, அதான் போன் எடுக்கல... அம்மா, நான் வேணும்னு பண்ணலம்மா!"

"உங்கம்மா குடிக்குதுன்னு உலகத்துக்கே பாட்டுப் போட்டுட்டு, வேணும்னு பண்ணலையாம்!" செல்வம் எழுந்தார்.

ராஜ்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "குடிக்கிறதா? யாரு? சார், அம்மா குடிக்குப் போனாங்க... தேவஸ்தானத்துக்கு. நம்ம கன்னடத்துலயும் குடின்னா தேவஸ்தானம்தானே? ஸ்டுடியோல அத கேட்டு நான் அழுதுட்டேன் சார். மகனுக்கு உடம்பு சரியில்லைன்னு தாயி கோயில்ல உக்காந்திருக்காளேன்னு. அங்க இருந்த எங்க ஆளுங்க யாருக்கும் வேற மாதிரி தோணவே இல்ல. காலையில சென்னையிலிருந்து போன் வந்துதான் எங்களுக்கே தெரியும்."

செல்வம் ராஜ்குமாரையே பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்த முன்பின் தெரியாத மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் காய் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கும், பஸ் கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் இந்த எல்லையில் உப்புப் போட்டுச் சாப்பிட்டும் ஒரு வார்த்தை காதில் ஏறாமல் இருந்திருக்கிறார். பரமக்குடி என்று தன் ஊர்ப்பக்கத்துப் பேரிலேயே ஒரு குடி இருக்கிறது, அதை யாரும் சாராயம் என்று நினைத்ததில்லை என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஏன்டா, உனக்குமா தோணல?" என்றார் மகனிடம், குரல் இறங்கி.

"தோணலப்பா. அம்மா குரல்ல கேக்கறப்ப எனக்கு அது கோயில்தான். காலையில அந்த வீடியோவப் பாத்தப்பறம்தான் ஞாபகமே வந்துச்சு... சின்ன வயசுல அத்தை எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்காங்க! 'உங்கம்மா வந்த புதுசுல குடிக்குப் போலாமான்னு என்னையக் கூப்பிட்டாடா'ன்னு..."



செல்வம் மெல்லத் திரும்பினார். "அக்கா... உனக்குத் தெரியுமா?"

ராசாத்தி அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி நழுவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்! தெரியும்டா! தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க எல்லாம் அந்தத் துண்டத்தான கேட்டீக. நான் முழுப் பாட்டையும் கேட்டேன். விடிகாலையில எந்திரிச்சு, என் பிள்ளை புதுப் பாட்டுப் போட்டுருக்கேன்னு ஆசை ஆசையாக் கேட்டேன். என்ன பாடியிருக்கான் தெரியுமா? கேளு... அவன் வாயாலயே பாடச் சொல்லு!"

ஹரீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாடு சாமி" என்றாள் முனிலட்சுமி.

அவன் பாடவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"பால்ல தண்ணி கலந்தா கலப்படம்,
எங்கம்மா பேச்சுக்கும் அதேவா பட்டம்?
போன ஆல்பத்துல பேசுனது எங்கம்மா இல்ல,
பேச விடாதவன் நான்தான், வேற யாரும் இல்ல."

"கேட்டீகளா! எங்கம்மா இல்லையாம்!" ராசாத்தியின் அழுகை வீட்டை நிறைத்தது. "பீ அள்ளி, மூத்திரம் அள்ளி, மார்லயும் தோள்லயும் போட்டு வளத்தேன். ஒரு பாட்டுல... ஒரே ஒரு பாட்டுல அவனுக்கு அம்மாவா இருந்தேன். அதையும் ஊரறியப் பிடுங்கிட்டான். அந்த வயித்தெரிச்சல்ல... தம்பி கேட்டப்ப, அவளும் ஒரு நாள் அவமானப்படட்டும்னு நாக்கு பொரண்டுருச்சுடா. பாவி நான்... என்னைய மன்னிக்காத முனி, மன்னிக்காத!"

"ச்சீ! நீயெல்லாம் ஒரு..." செல்வம் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

"நில்லுங்க!"

அந்த வீட்டில் முனிலட்சுமி அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. செல்வத்தின் கை இறங்கியது.

"அவங்கள அடிக்க நீங்க யாருங்க? அண்ணி ஒரு பொய்தான் சொன்னாங்க. நீங்க அதுக்கு முந்தியே நம்பிட்டீங்களே! என் கையால எத்தன வருஷம் சாப்பிட்டிருக்கீங்க. எவனோ ஒட்டுன பாட்டிலப் பாத்ததும் நான் குடிகாரியாத் தெரிஞ்சனா?"

செல்வம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முனிலட்சுமி மகனிடம் வந்தாள். அவன் அம்மா காலில் விழப்போனான், அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. விழுந்தாச்சுன்னா எல்லாம் முடிஞ்சுடும்னு நெனைக்காத. அன்னிக்கு என் பேச்சு வேணாம்னு நீயே முடிவு பண்ணின. இன்னிக்கு வேணும்னும் நீயே முடிவு பண்ணி எடுத்துக்கிட்ட. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்த கேட்டியா? உன் வெக்கம் தீரணும்னு பாட்டுப் பாடின, சரி. அத்தைய எதுக்குடா வெக்கப்பட வெச்ச? அவங்க உனக்கு அம்மா இல்லைன்னு சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு?"

ஹரீஷ் விம்மினான். "என்னைத் திட்டிக்கத்தாம்மா எழுதினேன்... பள்ளிக்கூடத்துல உன்னை மறச்சேன்ல, அத தாங்க முடியாமத்தான்... அத்தைய நெனச்சுப் பாக்கவே இல்ல. வெக்கமா இருக்கும்மா... உன் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு." அத்தை பக்கம் போய் மண்டியிட்டு, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ராசாத்தி அவன் தலையைத் தொடக்கூடத் துணியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். முனிலட்சுமிதான் அந்தக் கையை எடுத்து அவன் தலையில் வைத்தாள்.

ராஜ்குமார் தொண்டையைச் செருமினார். "அம்மா... நான் ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்னா அந்தப் பாட்ட இன்னிக்கே எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க அண்ணா," என்றான் ஹரீஷ் தலையைத் தூக்கி. "ஆல்பம் போனாப் போகட்டும்." ராஜ்குமாரின் முகம் விழுந்துவிட்டது. ஆல்பமே அந்தப் பாட்டின் மேல்தான் நிற்கிறது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

முனிலட்சுமி தலையசைத்து மறுத்தாள்.

"எடுக்க வேணாம். எடுத்தா நான் குடிச்சது நெசம்னு ஆயிடும். நான் என்ன தப்பு பண்ணினேன், என் பேச்சு எதுக்கு ஒளியணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடிக்குப் போயிட்டு வந்தேன்னு நான் சொல்ற எடத்துல ஒரு மணிச் சத்தம் போடு நாயனா. கோயில் மணி. அப்போ எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்."

ராஜ்குமார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அம்மா... இது எங்களுக்குத் தோணலையே!"

"அத்தை பத்தின வரிய அத்தைகிட்டயே கேட்டு மாத்து. அவங்க சரின்னு சொன்னாத்தான் போடணும்."

ஹரீஷ் தலையாட்டினான். பிறகு தயங்கிக் கேட்டான். "எந்தக் கோயில் மணிம்மா?"

"வேற எது? எங்கூரு மாரெம்மா மணிதான். நான் உக்காந்திருந்தது அங்கதான்."

எல்லார் கண்ணும் செல்வத்தின் பக்கம் போனது. பேரிகை! அவர் வாசலுக்கு நடந்தார். அப்படியே கிளம்பி எங்காவது போய்விடுவார் என்றுதான் முனிலட்சுமி நினைத்தாள். வழக்கம் அதுதான். கோபமோ வெட்கமோ, அவருக்கு இரண்டுக்கும் ஒரே மருந்து, வெளியே போய்விடுவது.

ஆனால் தெருவில் இறங்கியவர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த ஷூ இன்னும் காலில்தான் இருந்தது.

"முனி..."

"சொல்லுங்க."

"கு... குடிக்குப் போலாமா?"

குருவில் வருகிற கு! கல்லும் முள்ளுமாகத்தான் வந்தது. ஆனாலும் அதே கு. முனிலட்சுமி அசையவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்:

"கேக்கலைங்க. காலையில தெருவே கேட்டுச் சிரிச்சுது. இதுவும் தெருவுக்குக் கேக்கணும்."

செல்வம் டீக்கடைப் பக்கம் பார்த்தார். பையன்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருக்கிறதென்று நடந்துவிட்ட மாதேஸ்வரியும் திரும்பி வந்து அங்கே நின்றிருந்தாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"முனிலட்சுமீ! குடிக்குப் போலாம் வா!"

டீக்கடையில் ஒருவன் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. "அடப்பாவிகளா... புருஷனும் சேந்தா!" என்று எவனோ சொன்னது தெளிவாகக் கேட்டது. செல்வத்துக்கும் கேட்டது. காது மடல்வரை சிவந்துபோனார். ஆனால் திருத்தவில்லை. "ஆமாடா, நானும்தான்! எங்க மாமியார் ஊர்க் குடிக்கு! என்ன இப்ப?" என்றார்.

முனிலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவள் தலையில் மட்டும் இருந்த அசிங்கத்தில் பாதியை அந்த மனுஷன் நடுத்தெருவில் நின்று எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாரே!

உள்ளே திரும்பி, தரையில் இருந்த நாத்தனாரிடம் கையை நீட்டினாள். "அண்ணி, எந்திரிங்க. முகம் கழுவிட்டு வேற பொடவ மாத்துங்க."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன் முனி..."

"இந்த மூஞ்சியத்தான் வெச்சுக்கிட்டு. மொத வெள்ளிக்கிழமை கூப்பிட்டப்ப நீங்க வரல. இப்பவாச்சும் வாங்க."

ராசாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே அவள் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள். முனிலட்சுமி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு ஊருக்கென்று கட்டி வைத்திருந்த அதே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் செல்வம் கை கட்டி நின்றிருந்தார். டீக்கடைப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலைப்பால் வாயை மூடவில்லை.

"பதண்டி, போதாம்!" என்றாள். வாருங்கள், போகலாம் என்று அர்த்தம். அந்த வீட்டு வாசலில் அவள் சத்தமாகப் பேசிய முதல் தெலுங்கு அதுதான்.